ஏரிக்கரை வழியாக ஒரு மிதிவண்டிப் பாதை

ஊர்சுற்றி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் கிடையாது. வேலைவெட்டி இல்லாதவன், வீட்டுக்கு அடங்காதவன் என்ற பொருளிலேயே அது புழங்குகிறது. ராகுல் சாங்கிருத்யாயன் ஊர்சுற்றுவதற்கென்று ஒரு புராணமே எழுதினார். ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றிவந்து, பயண எழுத்துக்கு நம் மொழியில் ஒரு மரியாதையைத் தேடித் தந்தார். ஆயினும் காரணமின்றிக் கிளம்புகிறவனை நாம் இன்னமும் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறோம். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். கல்யாணத்துக்கு, கருமாதிக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். சும்மா போய்வருகிறோம் என்றால் எவருக்கும் விளங்குவதில்லை. அதுவும் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது, மிதிவண்டியை உருட்டிக்கொண்டு சும்மா போகிறோம் என்றால், தெருவில் நம் மனநிலையைப் பற்றியே பேச்சு எழும்.

அம்பத்தூரில் வசிக்கும் நாங்கள் மூவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிச் சும்மா போகத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் அச்சகம் வைத்திருப்பவர். மூவருக்கும் பொதுவாக இருப்பவை வாசிப்புப் பழக்கமும் நாற்பதைக் கடந்த முழங்கால்களும்தாம். ஆங்கிலேயக் கிராமப்புறங்களில் மிதிவண்டிப் பயணிகளுக்கென்றே வரையப்பட்ட நெடும்பாதைகளைப் பற்றி எங்களில் ஒருவர் படித்துவிட்டு வந்து சொன்னதிலிருந்து, ஒரு கேள்வி எங்களைத் தொற்றிக்கொண்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பட்டறைகளும் லாரிகளும் நிறைந்த இந்த மேற்குப் புறநகரில் அப்படியொரு பாதை இருக்க முடியுமா? இருந்தால் அது யாருக்காக இருக்கும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றியே செல்கிறது.

*

இங்கிலாந்தைப் பற்றி நமக்கு ஒரு சித்திரம் உண்டு. பச்சைக் குன்றுகள், இருபுறமும் வேலிப்புதர் வளர்ந்த ஒற்றையடிச் சாலைகள், கல்லால் கட்டிய தேநீர் விடுதி, நிதானமாகச் செல்லும் ஒரு கனவான். இயற்கை அவர்களுக்கு அருளியதால் பாதையும் அமைந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது.

1878-ல் ஹாரோகேட் நகரில் மிதிவண்டிப் பயணிகளுக்கான சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1883-ல் அது சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்டது; 2016 முதல் சைக்கிளிங் யூகே என்ற பெயரில் இயங்குகிறது. அக்காலச் சாலைகள் குதிரை வண்டிகளுக்கு உரியவை. மிதிவண்டிக்காரன் குதிரையை மிரட்டுகிறவன், கோழியை நசுக்குகிறவன், போக்கிரி. உள்ளூருக்கு உள்ளூர் தடைகள் இருந்தன. 1888-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியும் ஒரு வண்டியே என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் சாலையில் அவனுக்குச் சட்டப்படியான இடம் கிடைத்தது. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளைச் சங்கத்தார் தாங்களே நட்டார்கள். நம்பித் தங்கக்கூடிய விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரம் ஒன்றைச் சின்னமாகப் பதித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது.

இவர்கள் எல்லோரும் கனவான்களும் அல்லர். 1894-ல் பர்மிங்ஹாமில் கிளாரியன் சைக்கிள் சங்கம் பிறந்தது. கிளாரியன் என்பது ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய சோசலிச இதழின் பெயர். வாரம் முழுதும் ஆலைப் புகையில் இருந்த தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் ஞாயிற்றுக்கிழமை இதழ்க்கட்டைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்கு மிதித்தார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1896-ல் எழுதிய 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' நாவலின் நாயகன் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. ஆண்டு விடுமுறையில் மிதிவண்டியில் தென்னிங்கிலாந்தைச் சுற்றும் அவன், அந்தச் சில நாட்களுக்கு முதலாளியின் குரல் கேட்காத மனிதனாக இருக்கிறான். மிதிவண்டிப் பயணம் அவனைப் போன்றவர்களுக்குக் கிடைத்த முதல் சொந்த நேரம் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

பின்னாளில் கார்கள் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. 1968-ன் கிராமப்புறச் சட்டம் குதிரைத் தடங்களில் மிதிவண்டி செல்லும் உரிமையை அளித்தது. 1977-ல் பிரிஸ்டல் நகரில் ஒரு சிறு குழு கூடி, கைவிடப்பட்ட ரயில்பாதை ஒன்றைப் பாத் நகர்வரை மிதிவண்டிப் பாதையாக மாற்றும் வேலையில் இறங்கியது. சஸ்டிரான்ஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்த அமைப்பு, லாட்டரி நிதியின் துணையோடு தேசிய மிதிவண்டி வலைப்பின்னலைக் கட்டியது. 2000-ல் அதன் முதல் 5,000 மைல்கள் திறக்கப்பட்டன. கால்வாய்க் கரைகள், பழைய ரயில்தடங்கள், வயல்களுக்கு இடையிலான சிறு சாலைகள் எனக் கிடந்தவற்றையே கோத்து, எண்ணிட்டு, பலகை நட்டார்கள். குன்றும் புல்வெளியும் இயற்கை தந்தவை. பாதையை மனிதர்கள் நூறாண்டுக்கு மேல் மனுக்கொடுத்தும் மண்சுமந்தும் உண்டாக்கினார்கள்.

*

பர்மிங்ஹாமைப் பற்றிச் சொன்னோம். அந்நகருக்கும் அம்பத்தூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. துப்பாக்கி செய்வதற்காக 1861-ல் பர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. நிறுவனம் பின்னர் மிதிவண்டிக்கு வந்தது. ஹெர்குலிஸ் நிறுவனம் 1910-ல் அதே நகரில் தோன்றியது. ஆங்கிலேயக் கிராமச் சாலைகளில் ஓடிய இந்த இரண்டு பெயர்களும், நாடு விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டில் இங்கு வந்து சேர வழி திறந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1955-ல் ஆவடியில் குழாய் செய்யும் ஆலையும் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது.

ஆகவே எங்கள் பகுதி டாங்கியும் செய்தது, சைக்கிளும் செய்தது. டாங்கி செய்தவர்களும் வேலைக்குச் சைக்கிளில்தான் போனார்கள். ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் ஆலை வாயிலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளமாய்ப் புறப்பட்டு வருவதையும், சாலையைக் கடக்க வழியின்றிப் பேருந்துகள் காத்து நிற்பதையும் எங்கள் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அன்று அந்தச் சாலையில் பேருந்துதான் ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தது.

எங்கள் நண்பர்களில் அச்சகம் வைத்திருப்பவரின் தந்தை சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி கோக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றினால், எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று அவர் காதுக்குத் தெரியும். நாங்கள் கியர் வைத்த புதுச் சைக்கிள்களை வாங்கி வந்து அவரிடம் காட்டியபோது பெண்டு எடுத்துக் கொடுத்தாரே தவிர, எங்கள் நோக்கம் அவருக்குப் பிடிபடவில்லை.

“ஏம்ப்பா, காசு குடுத்து வாங்கி, சும்மா மிதிக்கிறதுக்கா? நாங்க எப்படா இந்த மிதி மிதிக்கிறது முடியும்னு இருந்தோம். மொத போனஸ்ல ஸ்கூட்டர் வாங்கணும்னு அவனவன் சீட்டுக் கட்டினான்” என்றார்.

இந்தக் கேள்வியை நாங்கள் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. சைக்கிள் அவர் தலைமுறைக்கு உழைப்பின் நீட்சி. வேலை இடத்தில் எட்டு மணிநேரம், போகவர ஒன்றரை மணிநேரம். அதிலிருந்து விடுபடுவதே முன்னேற்றம். விடுபட்டவர்களின் பிள்ளைகள் மீண்டும் அதிலேறி உல்லாசம் என்று சொல்வது அவருக்கு வேடிக்கையாகவும் சிறிது வருத்தமாகவும் இருந்திருக்கும். கிளாரியன் சங்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, “அவனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். ஓவர்டைம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடும் நிலையில் அவர் வீடு இருந்ததில்லை என்பதை அவர் மகன் பிறகு எங்களிடம் சொன்னார்.

*

இனி எங்கள் பாதைகள். மேற்கே செல்வது ஒன்று, தெற்கே செல்வது ஒன்று.

மேற்குப் பாதையின் முதல் நிறுத்தம் திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய தலம். முல்லைக்கொடிகள் தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிக்கொள்ள, அவன் வாளால் கொடியை வெட்டியபோது அடியில் இருந்த லிங்கத்தில் பட்டுக் குருதி வடிந்தது என்பது தலபுராணம். மாசிலாமணீஸ்வரர் சந்நிதியில் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு நிற்பதாகச் சொல்லப்படுவதும், நந்தி சுவாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்திருப்பதும் இத்தலத்துக்கே உரியவை. இன்று யானையின் காலைச் சுற்ற முல்லை இல்லை. ஆயினும் காலை ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். அந்த மணத்தைக் கடந்துதான் நாங்கள் ஆவடிக்குத் திரும்புகிறோம்.

ஆவடி, பட்டாபிராம் தாண்டினால் திருநின்றவூர். இங்கே பக்தவத்சலப் பெருமாளின் தேவிக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர். நம் தெய்வங்களுக்கு இட்ட பெயர்களில் இதைவிட வீட்டுமணம் வீசும் பெயரை நாங்கள் கேட்டதில்லை. இதே ஊரில்தான் பூசலார் வாழ்ந்தார். கோயில் கட்டப் பொருளில்லாத அவர், மனத்துக்குள்ளேயே கல்லடுக்கி, சுதை பூசி, கிணறு வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்கு அதே நாளைக் குறித்திருந்தபோது, இறைவன் அவன் கனவில் வந்து, அன்று நமக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ நாளை மாற்றிக்கொள் என்றானாம். பெரியபுராணத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. ஏன் பிடிக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

திருநின்றவூரிலிருந்து வடக்கே பாக்கம் வழியாகப் பெரியபாளையம் போகும் சாலையில் சிறிது தூரம் சென்றாலே காற்று மாறிவிடுகிறது. நெல்வயல், பம்புசெட், பனை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் மார்கழி, தை மாதங்களில் ஏரிகளில் நத்தைக்குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் இறங்கியிருக்கும். சித்திரை பிறந்துவிட்டால் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் தார்ச்சாலை அடுப்பாகிவிடும். அந்த மாதங்களின் ஒரே ஆறுதல் வழியோர நுங்கு.

மேற்கே நேராகச் சென்றால் திருவள்ளூர், அதற்கப்பால் பூண்டி. அம்பத்தூரிலிருந்து போகவர சுமார் எண்பது கிலோமீட்டர். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, அதற்காக முனைந்து பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயர். அணை முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே காலமாகிவிட்டார். பூண்டியிலிருந்து மேலும் சில கிலோமீட்டர் தொலைவில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் தெரிவித்தது. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் கல்லைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சைக்கிள் கைப்பிடியைப் பற்றும்போது, நம் கையும் அந்தக் கையும் ஒன்றே என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.

தெற்குப் பாதை ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிச் செல்கிறது. பல ஆண்டுகள் கழிவுநீர் கலந்து கிடந்த இந்த ஏரியைத் தூர்வாரி, நடைபாதை அமைத்து, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கூவத்தைக் கடந்தால் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்ற பழம்பெயருக்கேற்ற ஒரு மனிதர் இந்த ஊரில் பிறந்தார். திருக்கச்சி நம்பி. தம் நந்தவனத்தில் மலர்ந்த பூக்களைத் தொடுத்து, நாள்தோறும் காஞ்சி வரதருக்கு நடந்தே கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. பூந்தமல்லியிலிருந்து காஞ்சி சுமார் ஐம்பது கிலோமீட்டர். நாள்தோறும் என்பதில் பக்தியின் மிகை இருக்கலாம். எங்களுக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, இந்தச் சாலைக்கு ஒரு காலத்தில் நடக்கிறவனின் அளவு இருந்தது என்பதே. பூ வாடுவதற்குள் போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையோடு ஒருவன் இதில் இறங்கி நடக்க முடிந்திருக்கிறது.

அடுத்தது திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். அதற்கப்பால் செம்பரம்பாக்கம். முழுக்கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைவாசிகள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்த எண் அந்த 24. அதுவரை குழாயில் வரும் தண்ணீராக மட்டுமே அந்த ஏரி பலருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பாதைகள் இரண்டும் உண்மையில் சென்னை குடிக்கிற தண்ணீரின் பாதைகள்தாம். பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் ஓடுகிறது. இங்கிலாந்தில் கென்னட்–ஏவன் கால்வாயின் கரைத்தடத்தைத் தேசிய வலைப்பின்னலின் 4-ஆம் எண் பாதை பயன்படுத்திக்கொள்கிறது. அன்று படகை இழுத்த குதிரைகள் நடந்த தடத்தில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. நம் கால்வாய்க் கரைகளைக் காணும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வோம்.

*

இந்தப் பயணங்களில் மெல்லத்தான் ஒன்றைக் கவனித்தோம். சாலையில் சைக்கிளில் செல்பவர்கள் நாங்கள் மட்டுமல்லர். தலைக்கவசமும் வண்ணச் சட்டையும் அணிந்தவர்களைச் சொல்லவில்லை. இரவுப் பாரா முடித்துத் திரும்பும் காவலாளி, கேரியரின் இருபுறமும் கேன் தொங்கப் பால் ஊற்றுகிறவர், தொழிற்பேட்டைக்குச் செல்லும் வடமாநிலத்து இளைஞர்கள், கீரைக்கட்டுக்காரர், விசிலடித்தபடி டீ கேன் கட்டிச் செல்லும் முதியவர். பெரும்பாலோர் வண்டியில் பின்விளக்கு இல்லை. டைனமோ போன தலைமுறையோடு போய்விட்டது. சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மணலும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும் அந்த ஒன்றரை அடியில் அவர்கள் செல்கிறார்கள்.

பிறகு பள்ளிப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னர், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்த காலம். பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களுக்குச் சைக்கிள் என்பது பேருந்துக்குக் காத்திராமல், கணவனையோ தம்பியையோ கேட்காமல் ஓர் இடத்துக்குப் போய்வருவது. ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கு இங்கிலாந்தில் கிடைத்தது இங்கே அவர்களுக்குக் கிடைத்தது. சைக்கிளால் விடுதலை என்பது ஆங்கிலேயக் கதை மட்டும் அன்று.

*

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு, விடியும் வேளையில், நெடுஞ்சாலையில் எங்களை முந்திய லாரி ஒன்று உரசிச் சென்றது. தொடவில்லை, அதன் காற்றே போதுமானதாக இருந்தது. அச்சகத்து நண்பர் ஓரத்து மணலில் சறுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. லாரி நிற்கவில்லை. அதன் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை என்று நண்பரே பிறகு சொன்னார். கீரைக்கட்டோடு எதிரே வந்த ஒருவர் தம் சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, வாகனங்களை மறித்து, நாங்கள் நண்பரைத் தூக்கி ஓரத்தில் படுக்கவைக்கும்வரை நின்றார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் அவகாசமில்லை.

நண்பருக்கு எலும்பு கூடிவிட்டது. சைக்கிள் அவர் வீட்டு மாடிப்படியின் கீழ் நிற்கிறது. அவர் மனைவி எங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை. “அண்ணா, இனிமே வேண்டாம்ணா” என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். எஞ்சிய நாங்கள் இருவரும் சில வாரங்கள் கிளம்பவில்லை. நிறுத்திவிடுவதென்றே ஏறக்குறைய முடிவு செய்தோம். வயதாகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், உடற்பயிற்சிக்கு மொட்டைமாடி இருக்கிறது என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஒரு மாலை நண்பரைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அவர் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பதினோராம் வகுப்பு. திட்டத்தில் கிடைத்த சைக்கிள். வாசலில் அதை நிறுத்தி, முன்கூடையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் பள்ளிக்குச் செல்வதும் அதே நெடுஞ்சாலை வழியாகத்தான். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர், எங்கள் பேச்சு எதைப் பற்றியது என்பதைப் புரிந்துகொண்டவராக, “நீங்க நிறுத்திக்கலாம்ப்பா. அவ எப்படி நிறுத்துவா?” என்றார்.

எங்களுக்குப் பதில் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணிக்கு ஆறு நாள் விலக்கு உண்டு. ஏழாம் நாளும் அவன் விரும்பினால்தான். இந்தப் பெண்ணுக்கும் பால்காரருக்கும் காவலாளிக்கும் அந்தத் தேர்வு இல்லை. அவர்கள் பாதையைத்தான் நாங்கள் வாரத்தில் ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டிருந்தோம். சும்மா மிதிக்கிறவனால் என்ன பயன் என்று முன்பு அவர் கேட்டதற்கு அன்றைக்குத்தான் ஒரு விடையின் நுனி தென்பட்டது. வேலைக்குப் போகிறவன் குனிந்த தலையோடு அந்த ஒன்றரை அடியைக் கடந்துவிட நினைக்கிறான். நின்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. சும்மா போகிறவன் பார்க்கலாம், எழுதலாம், போய்க் கேட்கலாம். ஹாரோகேட்டில் கூடியவர்கள் செய்ததும் அதுதான். இறக்கத்தின் உச்சியில் அவர்கள் நட்ட பலகை, சங்கத்தில் சேராத ரொட்டிக்காரப் பையனையும் காத்திருக்கும்.

இன்னொரு செய்தியும் எங்களுக்கு உதவியது. அந்தப் புகழ்பெற்ற ஆங்கிலேய வலைப்பின்னலை நடத்தியவர்களே தங்கள் பாதைகளை மறு ஆய்வு செய்து, 2020-ல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள் அல்லது வேறு வகைக்கு மாற்றினார்கள். அங்கெல்லாம் வாகன நெரிசலும் வேகமும் மிகுந்திருந்தன. ஒரு சிறுபிள்ளையைத் தனியே அனுப்பத் தகுதியில்லாத சாலையைப் பாதை என்று அழைப்பது சரியன்று என்று கருதினார்கள். வரைபடத்தில் நீளமான கோடு பெருமையாக இருக்கும். அதைத் தாமே அழிக்க ஒரு நேர்மை வேண்டும்.

நாங்களும் எங்கள் கோட்டை அழித்தோம். நெடுஞ்சாலையில் செல்லும் பகுதிகளை நீக்கிவிட்டு, தெருக்கள், ஏரிக்கரைகள், ரயில்பாதையோரச் சந்துகள் வழியாகத் திரும்ப வரைகிறோம். தூரம் கூடுகிறது, பூண்டி இப்போதைக்கு எட்டாது. நண்பரின் மகளுக்குப் பள்ளிவரை நெடுஞ்சாலையைத் தொடாத ஒரு வழியை முதலில் கண்டுபிடித்தோம். ஓரிடத்தில் மட்டும் கடந்தே ஆகவேண்டும். அவ்விடத்தில் வேகத்தடையும் விளக்கும் கேட்டு, அப்பள்ளிப் பெற்றோர் முப்பத்தொரு பேர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்திருக்கிறோம். 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்போருக்கும் மிதிப்போருக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அம்பத்தூர் 2011-லேயே மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. எனவே நாங்கள் கேட்பது புதிய சலுகை ஒன்றும் அன்று.

பூசலாருக்கு வருவோம். அவர் மனத்தில் கட்டியது கற்பனைக் கோயில் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கணக்கில்லாமல் கட்டவில்லை. எந்த நாளில் அடித்தளம், எத்தனை தச்சர், எங்கே மதில் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கட்டினார். இல்லாத ஒன்றை அவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்தவனிடம், இருப்பதைக் கட்டியவன் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. எங்கள் பாதைக்கும் இப்போது பலகை இல்லை, எண் இல்லை. எந்தத் தெருவில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எந்த ஏரிக்கரையில் மழைக்காலத்தில் சேறாகும், எந்தத் திருப்பத்தில் விளக்கு எரியாது என்ற கணக்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை எழுதுபவர் மாடிப்படிக்குக் கீழே சைக்கிளை நிறுத்திவைத்திருக்கும் நண்பர்தாம். நாங்கள் மிதித்துவிட்டு வந்து சொல்கிறோம், அவர் வரைகிறார். அவர் தந்தை பக்கத்தில் அமர்ந்து, அந்தக் காலத்தில் ஷிப்டுக்குப் போன குறுக்கு வழிகளைச் சொல்கிறார். அவற்றில் இரண்டு இன்னமும் திறந்திருக்கின்றன.

மேற்குப் புறநகரில் வசிக்கும் நண்பர்கள் தங்கள் தெருவழிகளை எங்களுக்கு எழுதினால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். அச்சகம் இருக்கிறது. வரைபடம் முடிந்ததும் முதல் படிகளை அந்தப் பள்ளியின் பதினோராம் வகுப்புக்குக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.